நெஞ்சுயரம்

மரத்தை எந்த இடத்தில் அளப்பது என்று
கையேட்டில் போட்டிருக்கிறது:
நெஞ்சுயரத்தில்.
அதாவது தரையிலிருந்து
ஒரு மீட்டர் முப்பத்தேழு சென்டிமீட்டர்.
யாருடைய நெஞ்சு என்று யாரும் கேட்டதில்லை.
எனக்கு அது மூக்கு.
பதினோரு வருடமாக
மூக்கை வைத்து அளந்துவருகிறேன்
மன்னவனூர்ச் சரிவில்
ஒன்பதாம் எண் ஆய்வுத் திடலை.

கல்யாண வீடுகளில் கேட்பார்கள்:
ஃபாரஸ்ட்டா? துப்பாக்கி தருவாங்களா? புலி பார்த்திருக்கீங்களா?
டேப் தருவாங்க என்பேன்.
காட்டுமாட்டுச் சாணியில் வழுக்கி விழுந்ததை
பந்தியில் சொல்வதில்லை.

குழந்தைவேலு முன்னால் நடப்பார்.
பூம்பாறைக்காரர். வேட்டைத் தடுப்புக் காவலர்,
பதினாறு வருடமாகத் தற்காலிகம்.
அலுமினியத் தகட்டைத் துடைத்துக் கத்துவார்:
நூத்தி நாப்பத்தி மூணு!
நான் சுற்றளவைக் கத்துவேன்.
மூட்டம் இரண்டையும் வாங்கிக்கொண்டு
சில நாள் ஒன்றைத்தான் திருப்பித் தரும்.
நூற்று நாற்பத்து நான்கின் தகட்டைக் காணோம்.
மாடு உரசியதோ என்னவோ,
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

எல்லாம் சீகை. அந்நிய மரம்.
அடியோடு அகற்ற ஆணை வந்திருக்கிறது,
மார்ச் முப்பத்தொன்றுக்குள்.
நல்ல ஆணைதான்.
எதிர்ச்சரிவில் வெட்டியபோது நானே கைதட்டினேன்.
ஆனால் ஒன்பதில்,
சீகையின் கிழிந்த நிழலுக்கு அடியில்
காட்டு நாவல் ஒரு வருடம் என் முழங்காலைத் தொட்டது,
மூன்றாம் வருடம் இடுப்பை.
போன ஐப்பசியில் ஒரு காட்டுச் செண்பகம்
கையேட்டின் நெஞ்சைத் தாண்டிவிட்டது.
சோலை
விரோதியின் குடைக்குள் நின்றுகொண்டு
வளர்கிறது.

சென்னையில் குழுக் கூட்டம்.
நாற்பத்திரண்டு பக்க அறிக்கையை
சார்புச் செயலாளர் கனிவாகத்தான் மூடினார்.
“மேடம், வெட்டலாமா, கூடாதா? ஒரு பக்கத்துல கொடுங்க.”
சில இடத்தில் வெட்டலாம் சார், சில இடத்தில்
“ஒரு வரியில?”
அந்த ஏசி அறையில்
மலையிலிருந்து போன நான் மட்டும்தான் நடுங்கினேன்.

ஒரு பக்கம் எழுத முன்மாதிரி தேடி
கொடைக்கானல் பதிவறையில் பழைய கோப்பைப் பிரித்தேன்.
விளிம்பெல்லாம் கரையான் வரைந்த ஆறு.
எழுபத்தாறாம் வருடம். ஆய்வு அலுவலர் தி. சத்தியநேசன்.
ஒரே பக்கம்தான்.
“மேற்படி சரிவு வெற்று நிலம். புல் தவிர ஏதுமில்லை.
சீகை நடப் பரிந்துரைக்கப்படுகிறது.”
பின்னிணைப்பில் அளவுகள்:
மூன்று மழைக்காலம், நூற்றுப் பன்னிரண்டு கன்று,
ஒன்றுகூட விடுபடவில்லை.
கோபத்தோடு கூட்டிப் பார்த்தேன்.
கணக்கு சரியாக இருந்தது.

புல் தவிர ஏதுமில்லை.
அந்தப் புல்லின் வேரிலிருந்துதான்
கீழே ஊர்களுக்கு ஓடை இறங்கியது.
அதை அளக்க அவரிடம் படிவம் இல்லை.
என்னிடம் எதற்குப் படிவம் இல்லை என்பது
எனக்கு எப்படித் தெரியும்?

எழுதிவிட்டேன்.
ஒன்பதாம் திடலிலும் அதையொத்த சரிவுகளிலும்
சீகையை இப்போது அகற்ற வேண்டாம்.
அதன் முன்னால் இரண்டு சொல் சேர்த்தேன்:
இன்றைய அளவுகளின்படி.
அதை எடுத்துவிடலாமா என்றார் தட்டச்சர்,
கையெழுத்து அடுத்த பக்கத்துக்குப் போகிறதாம்.
எழுத்தைச் சின்னதாக்குங்கள் என்றேன்.

மத்தியானம் குழந்தைவேலு கூப்பிட்டார்.
தகடு கிடைச்சிருச்சு மேடம், பன்னி கிளறின மண்ணுல.
பின்னால் காற்று. சுத்தியல் எதிலோ தட்டும் சத்தம்.
“மார்ச்சுக்கு அப்புறமும் இருக்கணுமா?
பெரிய ஆணி அடிக்கவா, சின்னது போதுமா?”

ஆணை அவருக்கும் தெரியும்.
பெரிசு, என்றேன்.
மரம் பருக்க
ரெண்டு விரல் வெளியே விட்டு அடிங்க.